மினி டிராக்டருக்குப் பொருத்தம் பார்த்தல்

மணலூர்ப்பேட்டைப் பக்கத்திலிருந்து நேயர் ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். தம் நான்கு ஏக்கர் நிலத்தை உழவும், ஒழிந்த வேளைகளில் அண்டை அயலாருக்கு வாடகைக்கு ஓட்டவும், 27 குதிரைத் திறன் கொண்ட மினி டிராக்டர் ஒன்றை அவர் வாங்கியிருக்கிறார். விலையில் ஒரு பாதி வங்கிக் கடன். மறு பாதியில் பெரும் பகுதி அவர் மனைவியாரின் நகை. இப்பொழுது அந்த டிராக்டருக்கு முன்புறம் எருவும் மண்ணும் அள்ளுவதற்கு ஒரு வாளியும், பின்புறம் தானே சாய்ந்து பாரத்தைக் கொட்டும் டிரெய்லர் ஒன்றும் பூட்ட விரும்புகிறார். இரண்டும் ‘ஹைட்ராலிக்’ என்று சொல்லப்படும் எண்ணெய் அழுத்தத்தினால் இயங்குபவை. “டிராக்டரை விற்ற டீலர் கேட்கும் பூட்டுக்கூலி மலைக்க வைக்கிறது. திருக்கோவிலூரில் வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் அதில் பாதிக்கும் குறைவாகச் செய்து தருவதாகச் சொல்கிறார். மைத்துனனோ, ‘ஸ்பேனர் இருக்கிறது, நாமே பூட்டிவிடலாம் மாமா’ என்கிறான். மூன்றில் எது உசிதம்?” என்பது கடிதத்தின் சாரம்.

கடிதத்தின் அடியில் வேறொரு கையெழுத்தில் ஒரு வரி காணப்படுகிறது: “என் வளையல் அந்த வண்டிக்குள் இருக்கிறது. நன்றாக யோசித்துப் பதில் எழுதவும்.”

குடும்பப் பத்திரிகையில் எண்ணெய்க் குழாயைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கக்கூடிய நேயர்களுக்கு அந்த ஒரு வரியே சமாதானம். உழவு யந்திரம் கொட்டகையில் நிற்கிறதேயன்றி, அதற்கு உண்டான கடன் வீட்டுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. மேலும், தென்பெண்ணைக் கரையில் கரும்பும் நெல்லும் உளுந்தும் மணிலாவும் பயிரிடும் சிறு குடியானவர்கள் பலர் இப்பொழுது மினி டிராக்டர் வாங்குகிறார்கள். இன்று ஒருவர் கேட்ட கேள்வியை நாளை பத்துப் பேர் கேட்பார்கள்.

டிராக்டருக்கும் அதனுடன் பூட்டும் கருவிக்கும் உள்ள உறவு ஏறக்குறையக் கலியாண சம்பந்தம் போன்றது. இரண்டு வீட்டாரும் நல்லவர்களாயிருந்தால் மட்டும் போதாது, பொருத்தம் வேண்டும். தரகர் மூலம் பார்ப்பதா, சொந்தத்தில் நாமே பேசி முடிப்பதா என்பது பிற்பாடு. ஜாதகத்தில் என்ன இருக்கிறதென்று பெண்ணைப் பெற்றவர்களுக்கே தெரியாவிட்டால், யார் பேசி முடித்தாலும் ஆபத்துத்தான். ஆகையால் முதலில் ஜாதகத்தைப் பிரிப்போம்.

திரவத்தை நாற்புறமும் அடைத்து ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும். பிரான்ஸ் தேசத்துப் பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் வகுத்துச் சொன்ன நியதி இது. பள்ளிக்கூடத்தில் நாம் கரும்பலகையில் எழுதிப் போடுவதும் இதுவே. இங்கிலாந்தில் ஜோஸப் பிராமா என்பவர் 1795-இல் இதைக் கொண்டு பாரப் பொறி ஒன்று அமைத்துப் பேடண்டு பெற்றார். சிறிய குழாயில் சிறிய பலத்தோடு அழுத்தினால் பெரிய குழாயில் பெரிய பலம் எழும். அவ்வளவே அதன் இரகசியம்.

திருக்கோவிலூர்க்காரர்களுக்கு இதை விளக்க இன்னும் சுலபமான வழி உண்டு. மழை கொட்டிய இரவொன்றில் இவ்வூர் இடைகழியில் ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவே இடம் இருந்தது. முதலாழ்வார் மூவரும் அங்கே நின்றபோது கண்ணுக்குத் தெரியாத நாலாமவர் ஒருவர் வந்து நெருக்கினார் என்பது தலபுராணம். அந்த நெருக்கத்தில் பாட்டுப் பிறந்தது. டிராக்டரின் குழாய்க்குள் எண்ணெய் நிற்பதும் இடைகழியில் நிற்பது போலத்தான். பம்பு வந்து நெருக்குகிறது, விலக இடமில்லை, அதனால் எதிரேயிருக்கும் பாரம் எழும்பியே ஆகவேண்டும். இந்த உவமைக்காகப் பக்தர்கள் நம்மை மன்னிப்பார்களென்று நம்புகிறோம்.

அந்த நெருக்கத்தின் அளவைச் சற்றே கணக்குப் பார்க்கவேண்டும். மோட்டார்க் காரின் சக்கரத்தில் காற்று ஒரு சதுர செண்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோகிராம் வீதம் அழுத்துகிறது. டிராக்டரின் எண்ணெயோ 150 கிலோகிராமும் அதற்கு மேலும் அழுத்தும். குறுக்களவு 5 செண்டிமீட்டர் உள்ள சிறிய சிலிண்டர், நம்மூரில் ‘ஜாக்கி’ என்கிறார்களே அது, இந்த அழுத்தத்தில் ஏறத்தாழ 3 டன் பாரத்தைத் தள்ளவல்லது. பாரத்தை எழுப்பும் இதே சக்தி, குழாயில் ஊசிமுனையளவு பிளவு கண்டால் கையை ஊடுருவவும் வல்லது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

டிராக்டருக்குப் பின்னால் கலப்பையைப் பூட்டும் மூன்று புள்ளி இணைப்பை உலகத்துக்குத் தந்தவர் அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குஸன். அதற்கு முன்பெல்லாம் கலப்பையை மாட்டுக்குப் பின்னால் கட்டுவது போல டிராக்டருக்குப் பின்னால் சங்கிலியில் கட்டி இழுத்தார்கள். கலப்பை பாறையில் சிக்கினால் டிராக்டரின் முன்பக்கம் குதிரைபோல் எழும்பி ஓட்டுகிறவர்மேல் கவிழும். பெர்குஸன் 1920-களில் கலப்பையையும் டிராக்டரையும் மூன்று கைகளால் பிணைத்து, எண்ணெய் அழுத்தத்தினால் ஏற்றி இறக்கும்படி செய்தார். சென்னையில் 1960-இல் தொடங்கிய டாபே நிறுவனம் மாஸி பெர்குஸன் டிராக்டர்களைச் செய்யத் தலைப்பட்டதும், அந்தப் பெயர் நம் கிராமங்களில் சுரைக்காய்ப் பந்தல் வரையில் வந்து சேர்ந்துவிட்டது. இன்று நம் ஊரில் ஓடும் டிராக்டர், எந்தக் கம்பெனியுடையதாயினும், அந்த மூன்று கைகளோடுதான் ஓடுகிறது.

நிற்க. அந்த மூன்று கைகளில் கல்ட்டிவேட்டரையோ ரோட்டாவேட்டரையோ பூட்டுவதற்கு ஊசியும் ஆப்பும் போதும். அதை எந்தக் குடியானவரும் தாமே செய்கிறார். வாளியும் சாயும் டிரெய்லரும் வேறு வகை. அவற்றுக்கு டிராக்டரின் வயிற்றிலிருந்து எண்ணெயை வெளியே கொண்டுவரவும், திரும்ப உள்ளே சேர்க்கவும் வேண்டும். இங்கேதான் பொருத்தம் பார்க்கவேண்டியிருக்கிறது. சோதிடர்கள் பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். நமக்கு ஐந்து போதும்.

முதலாவது, வழிப் பொருத்தம். பெரும்பாலான சிறு டிராக்டர்களில், எஞ்சின் ஓடும்வரை எண்ணெய் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். வேலை ஏவும்போது மட்டும் அழுத்தம் ஏறும். இவ்விதமான அமைப்பில் எண்ணெய் திரும்பும் வழியை அடைத்துவிட்டால் அனர்த்தம் விளையும். திரும்பு குழாயின் கப்ளிங் முழுதும் பூட்டாமல் அரைகுறையாக நின்றாலே போதும். எண்ணெய் போக்கிடமின்றிச் சூடேறும், குழாய் வெடிக்கும், பம்பும் உடையக்கூடும். பிரஷர் குக்கரில் ஆவி மிஞ்சினால் ‘வெயிட்’ எழும்பி வெளியே விடுகிறதல்லவா? அதுபோல டிராக்டரிலும் மிஞ்சிய அழுத்தத்தை விடுவிக்க ஒரு வால்வு உண்டு. புதிய குழாய்களை எங்கே இணைக்கிறோம், அந்த வால்வின் காவலுக்கு உட்பட்டா, வெளிப்பட்டா என்பதை அறியாமல் கைவைக்கலாகாது. சிலர் பாரம் கூடுதலாய்த் தூக்கவேண்டுமென்று அந்த வால்வின் திருகை முடுக்கிவிடுவதுண்டு. அது குக்கரின் வெயிட்டின்மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைப்பதற்கு ஒப்பானது. வளையலுக்குச் சொந்தக்காரியான அம்மாளுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, குழாய்ப் பொருத்தம். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸும் இதுவும் பார்வைக்குச் சகோதரர்கள், குணத்தில் அல்ல. ஹைட்ராலிக் ஹோஸின் ரப்பருக்குள்ளே எஃகுக் கம்பி வலை பின்னியிருக்கும். ஒரு வலை உள்ளது ஒரு தரம், இரண்டு வலை உள்ளது வேறொரு தரம். வேலை அழுத்தத்தைப்போல் நான்கு மடங்கு தாங்கினால்தான் அதைத் தரமான ஹோஸ் என்று ஒப்புக்கொள்ளுகிறார்கள். முனையில் இரும்பு வாயைப் பொருத்துவதற்கு அதற்கென்றுள்ள அழுத்து யந்திரம் வேண்டும். கிளிப்பு மாட்டித் திருகுவது உயிரோடு விளையாட்டு. அழுத்தம் ஏறும்போது ஹோஸ் நீளத்தில் சற்று மாறும். ஆதலின் விறைப்பாக இழுத்துக் கட்டக்கூடாது. முறுக்கேறக்கூடாது, சக்கரத்தில் உராயக்கூடாது, சைலன்ஸர் பக்கம் போகக்கூடாது.

மூன்றாவது, மரைப் பொருத்தம். இதில்தான் கைதேர்ந்தவர்களும் ஏமாறுகிறார்கள். உலகத்தில் ஒரே மரை இல்லை. பிரிட்டிஷ் குழாய் மரை ஒன்று, அமெரிக்கக் குழாய் மரை ஒன்று, மெட்ரிக் மரை ஒன்று என்று பல குலங்கள். வேடிக்கை என்னவென்றால், அரை அங்குலக் குழாயில் பிரிட்டிஷ் மரைக்கும் அமெரிக்க மரைக்கும் அங்குலத்துக்குப் 14 சுற்றுத்தான். ஒன்றை மற்றதில் திருகினால் இரண்டு மூன்று சுற்று உள்ளேயும் போகும். ஆனால் ஒன்றின் பல் கோணம் 55 பாகை, மற்றதன் கோணம் 60 பாகை. பெண் பார்க்க வந்த அன்று மிக ஒற்றுமையாய்ப் பேசிவிட்டு மூன்றாம் மாதம் பிணங்கும் சம்பந்திகளைப் போல, அழுத்தம் ஏறியவுடன் இவை கக்கும். உடனே பட்டறைக்காரர் டெஃப்லான் நாடாவைச் சுற்றி இன்னும் முடுக்குவார். அந்த நாடாவின் நைந்த துணுக்கு எண்ணெயோடு போய் வால்வின் தொண்டையில் அடைக்கும். மரை கழன்றவன் என்று மனிதரைச் சொல்கிறோம். மரை பொருந்தாமல் பூட்டுகிறவரை என்னவென்று சொல்வதோ!

நான்காவது, எண்ணெய்ப் பொருத்தம். பல டிராக்டர்களில் பற்சக்கரங்கள் முழுகியிருப்பதும், ஜாக்கியைத் தூக்குவதும், பிரேக்குத் தகடுகளைக் குளிரவைப்பதும் ஒரே எண்ணெய்தான். குறுக்களவு 10 செண்டிமீட்டரும் நீளம் ஒரு மீட்டரும் உள்ள ஜாக்கி முழுதும் நீண்டால் ஏறக்குறைய 8 லிட்டர் எண்ணெய் டிராக்டரைவிட்டு வெளியே போய்விடுகிறது. அத்தனை எண்ணெய் போனபின் உள்ளே பற்சக்கரங்களுக்கு மீதம் எவ்வளவு என்று கேட்கவேண்டாமா? கம்பெனி குறித்த எண்ணெயைத்தான் ஊற்றவேண்டும், அழுக்கும் சேரலாகாது. நம் தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான்; பம்பின் உறுப்புகளுக்கு இடையேயுள்ள இடைவெளி சில மைக்ரான்களே. கரும்புத் தோட்டத்துப் புழுதியில் ஹோஸை அவிழ்த்துப் போட்டு, அந்த வாயைத் துடைக்காமல் பூட்டினால், அந்த ஒரு சிட்டிகை மண் பம்புக்கு அரம்போல் வேலை செய்யும்.

ஐந்தாவது, பாரப் பொருத்தம். இதுவே உயிர்ப் பொருத்தம். சாதாரணமாக டிராக்டரின் பிரேக்கு பின்சக்கரங்களில்தான் இருக்கிறது. முன்புறம் வாளி நிறைய ஈரமண்ணைத் தூக்கினால் பின்சக்கரங்கள் இலேசாகும்; இலேசான சக்கரத்தில் பிரேக்குப் பிடிக்காது. ஆகவே வாளி பூட்டுகிறவர் பின்புறம் சரிபாரமும் பூட்டவேண்டும். வாளியைத் தரையோடு தாழ்த்தி ஓட்டவேண்டும். எல்லா மினி டிராக்டரும் வாளி தாங்குவதற்கென்று செய்யப்பட்டவையல்ல. தயாரித்த கம்பெனியின் கைப்புத்தகத்தில் அந்த மாடலுக்கு வாளிக்கு அனுமதி இல்லையென்றால், டீலரே பூட்டித் தருவதாகச் சொன்னாலும் வேண்டாமென்றுதான் சொல்லவேண்டும். டிரெய்லரும் அப்படியே. டிராக்டரைவிடக் கனத்த பாரத்தோடு கல்வராயன் மலைச் சரிவில் இறங்கும்போது, டிராக்டர் டிரெய்லரை இழுப்பது போய் டிரெய்லர் டிராக்டரைத் தள்ளும்.

பொருத்தம் ஐந்தும் பார்த்தாயிற்று. இனி, பின்னால் சொல்வதாகச் சொன்ன அபாயம்.

குழாயில் கண்ணுக்குத் தெரியாத துளை விழுந்து எண்ணெய் கசிகிறதா என்று பார்க்க, கையால் தடவிப் பார்ப்பது நம்மவர் வழக்கம். அந்தத் துளையிலிருந்து வரும் எண்ணெய் ஊசிபோல் தோலைத் துளைத்து உள்ளே பாயும், கையுறையையும் துளைக்கும். பார்வைக்கு முள் குத்திய புள்ளிபோல் இருக்கும்; வலியும் முதலில் அதிகமிராது. ஆனால் உள்ளே புகுந்த எண்ணெய் சதையை அழுகச் செய்யும். சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். ஆதலால் கசிவைத் தேட அட்டைத் துண்டு ஒன்றைத்தான் நீட்டவேண்டும். அப்படியும் யாருக்காவது பாய்ந்துவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு மறுநாள் பார்க்கலாமென்று இருக்கக்கூடாது. கள்ளக்குறிச்சியிலோ முண்டியம்பாக்கத்திலோ உள்ள அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி போன்ற பெரிய இடத்துக்கு உடனே கொண்டுபோய், “அழுத்த எண்ணெய் உள்ளே பாய்ந்துவிட்டது” என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்லவேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை வீட்டிலுள்ள எல்லாரும் மனப்பாடம் பண்ணிக்கொள்வது நலம்.

இதோடு சேர்ந்த மற்றொரு விதி. தூக்கிய டிரெய்லர்ப் பெட்டியின் கீழோ, வாளியின் கீழோ, இரும்பு முட்டுக் கொடுக்காமல் யாரும் தலையை நீட்டக்கூடாது. அந்தப் பாரத்தைத் தாங்கி நிற்பது ஒரு குழாய் எண்ணெய். குழாயை அவிழ்த்த நிமிஷமே பாரம் கீழே. ஆகவே ஹோஸை அவிழ்க்குமுன் பாரத்தைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, நெம்புகோலை முன்னும் பின்னும் அசைத்து, உள்ளே தங்கிய அழுத்தத்தைப் போக்கவேண்டும். டிரெய்லரைச் சாய்க்கும் இடம் சமதரையாயிருக்கவேண்டும். மேலே மின்சாரக் கம்பி இருக்கக்கூடாது.

இவ்வளவும் எழுதிய பிறகு, “அப்படியானால் எல்லாவற்றையும் டீலரிடமே விட்டுவிடச் சொல்கிறீரா?” என்று நேயர் கேட்கலாம். இல்லை. டீலரிடம் அழுத்து யந்திரம் உண்டு, அழுத்தமானி உண்டு, அந்த மாடலுக்கென்றே செய்த சாமான்கள் உண்டு. வேலையில் குற்றமிருந்தால் கேட்க ஒரு முகவரியும் உண்டு. இவற்றின் பெறுமானம் கூலியில் அடங்கியிருக்கிறது. ஆனால் அறுவடைக் காலத்தில் எல்லா வண்டியும் ஒரே சமயத்தில் நிற்கும்போது, டீலரின் ஒரு மெக்கானிக் எத்தனை கிராமத்துக்குத்தான் ஓடுவார்? கரும்பு வெட்டு உத்தரவு வந்து, ஆள்கள் தோட்டத்தில் இறங்கி, லோடு ஏற்றிய வேளையில் ஹோஸ் வெடித்தால், டீலருக்குப் போன் செய்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருப்பவனுக்கு வெட்டின கரும்பு காய்ந்து எடை குறைவதுதான் மிச்சம். தன் வண்டியின் வயிற்றில் என்ன இருக்கிறதென்று தெரிந்தவன், தரம் அறிந்த ஒரு மாற்று ஹோஸைக் கொட்டகையில் முன்கூட்டியே வைத்திருப்பான். ஒரு மணி நேரத்தில் மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு அவர்களைப் பற்றி நேயர்கள் கேட்டிருப்பார்கள். இளமையில் துரை ஒருவருடைய மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றித் திரும்பப் பூட்டித் தொழில் கற்றவர் அவர். சொந்தக் கையினால் கற்கும் சுதேசி அறிவுக்கு அவரைவிடச் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை. ஆனால் அவர் கழற்றியது கற்பதற்காக. கூலியை மிச்சம் பிடிப்பதற்காக அன்று. கற்க விரும்புகிறவனுக்குப் பொறுமை இருக்கும், ஒழுங்கு இருக்கும். மிச்சம் பிடிக்க விரும்புகிறவனுக்குக் கிடைத்த ஹோஸ் போதும், கிடைத்த மரை போதும்.

சொந்தக்காரனுக்கு யந்திரத்தைத் திறந்துபார்க்கும் உரிமை உண்டா என்பது இன்று உலக வழக்காகவே ஆகியிருக்கிறது. அமெரிக்காவில் கொலராடோ மாகாணம், விவசாய யந்திரங்களைச் சொந்தக்காரரே பழுதுபார்க்க வேண்டிய கைப்புத்தகத்தையும் உதிரிச் சாமானையும் கம்பெனிகள் கொடுக்கவேண்டுமென்று 2023-இல் சட்டம் செய்தது. அது 2024 ஜனவரியிலிருந்து அமுலில் இருக்கிறது. நம் நாட்டிலும் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமையை ஆராய 2022-இல் ஒரு கமிட்டி அமைத்தபோது, முதலில் எடுத்துக்கொண்ட நான்கு இனங்களுள் விவசாயக் கருவிகளையும் சேர்த்திருந்தது. எனவே டிராக்டரோடு வந்த கைப்புத்தகத்தை டீலரிடம் கேட்டு வாங்குவதில் நேயர் கூச்சப்பட வேண்டியதில்லை. எண்ணெய் வழிப் படத்தையும் காட்டச் சொல்லிப் பார்க்கவேண்டும்.

உரிமை இருக்கும் இடத்தில் வரம்பும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. டிராக்டரும் பதிவு பெற்ற வண்டியே. மூன்று புள்ளியில் ஊசி போட்டுக் கருவி பூட்டுவது வேறு. டிராக்டரின் உடலில் துளைபோட்டு இரும்பை ஒட்டவைப்பது வேறு. பின்னதைச் செய்தால் கம்பெனியின் உத்தரவாதத்துக்கும், விபத்து நேர்ந்தால் இன்ஷியூரன்ஸுக்கும் என்ன ஆகுமென்று முன்னாடியே எழுதிக் கேட்டுக்கொள்ளவேண்டும். மேலும் டிராக்டரின் அச்சுக்கூடு பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதில் வெல்டிங் சூடு பட்டால் அன்றைக்கு ஒட்டிக்கொண்டாற்போலிருந்து பிறகு பிளக்கும்.

எழுத்து என்றதும் பெர்குஸனின் பிற்காலக் கதை நினைவுக்கு வருகிறது. 1938-இல் அவரும் ஹென்றி போர்டும் சேர்ந்து டிராக்டர் செய்வதென்று ஒப்பந்தம் பேசினார்கள். பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை, கைகுலுக்கியதோடு சரி. சில ஆண்டுகளில் போர்டின் பேரர் காலத்தில் உறவு முறிந்தது. வழக்கு வருஷக்கணக்காக நடந்து, 1952-இல் போர்டு கம்பெனி 92½ லட்சம் டாலர் கொடுத்து இராஜியாயிற்று. கோடீசுவரர்கள் இருவருடைய வாய்ப்பேச்சே இந்தக் கதிக்கு ஆளாகுமானால், நம் நேயருக்கும் டீலருக்கும் இடையே “அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்” என்று முடிந்த பேச்சு எம்மட்டு? சாமான் என்ன, ஹோஸ் என்ன தரம், கூலி எவ்வளவு, எத்தனை மாதம் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்கவேண்டும்.

இனி நம் தீர்ப்பு.

முன்வாளியைப் பற்றி நேயர் முதலில் ஒரு கணக்குப் போடட்டும். வருஷத்தில் எத்தனை நாள் எருவும் மண்ணும் அள்ளப்போகிறார்? சில நாள்களே என்றால், அந்த நாள்களுக்கு யந்திரம் வாடகைக்குப் பிடிப்பதே மேல். தமிழ்நாடு அரசின் வேளாண்மைப் பொறியியல் துறையும் யந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. நாள்கள் அதிகமென்று கண்டு, கம்பெனியும் அந்த மாடலுக்கு வாளியை அனுமதித்திருந்தால், அதைப் பூட்டும் வேலையை டீலரிடமே கொடுக்கவேண்டும். பம்பிலிருந்து வழி பிரிப்பது, வால்வு வைப்பது, டிராக்டர் உடலோடு சட்டத்தைப் பிணைப்பது ஆகிய மூன்றிலும் ஒன்று தவறினாலும் போவது உயிர். ஆனால் வண்டியை விட்டுவிட்டு வீடு திரும்பாமல், மைத்துனனையும் அழைத்துக்கொண்டு போய், அன்று முழுவதும் கூடவே நின்று பார்க்கவேண்டும். எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த இடத்தில் என்ன மரை என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். கூட நிற்கக்கூடாது என்கிற டீலராயிருந்தால் வேறு டீலரைப் பார்க்கலாம்.

சாயும் டிரெய்லர் விஷயம் அவ்வளவு கடினமன்று. டிராக்டரில் வெளிக்கருவிக்கென்று எண்ணெய் வாய் கம்பெனியிலேயே வைத்திருந்தால், டிரெய்லரின் ஹோஸை அதில் பூட்டுவதும் எடுப்பதும் சொந்தக் கையால் செய்யவேண்டிய வேலை. மைத்துனனின் உற்சாகத்துக்கு இது தக்க இடம். கப்ளிங்கைத் துடைப்பது, தூசி மூடி போடுவது, ஹோஸில் கீறல் பார்ப்பது, எண்ணெய் அளவு பார்ப்பது ஆகியவற்றுக்கு டீலரைக் கூப்பிடுவது வெட்கக்கேடு. எண்ணெய் வாய் இல்லாவிட்டால் அதை வைக்கும் வேலை முன்சொன்னபடி டீலருடையது. அதற்குப் பின் உள்ளதெல்லாம் நேயருடையது.

பட்டறைக்காரரையும் நாம் ஒதுக்கவில்லை. டிரெய்லரின் பெட்டி, முட்டுக் கம்பி, கருவி நிறுத்தும் தாங்கி, வளைந்த கொக்கி எல்லாம் அவர் கைக்கு ஏற்ற வேலைகள். அவரைவிட மலிவாகவும் திருத்தமாகவும் வேறு யாரும் செய்யமாட்டார்கள். அழுத்த எண்ணெய் ஓடும் குழாயையும், டிராக்டரின் உடலையும் மட்டும் அவரிடம் கொடுக்கவேண்டாம்.

மைத்துனனுக்கு ஒரு வார்த்தை. உண்மையிலேயே தொழில் கற்கும் ஆசை இருந்தால், ஆந்திரத்தில் அனந்தபூருக்கு அருகே கார்லதின்னையில் மத்திய அரசின் தென்பிராந்தியப் பண்ணை யந்திரப் பயிற்சி, பரிசோதனை நிலையம் இருக்கிறது. டிராக்டரை ஓட்டவும் பேணவும் அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். அப்படிக் கற்று வந்த ஒருவன் ஒரு கிராமத்தில் இருந்தால், அந்தக் கிராமத்து டிராக்டர்கள் எல்லாவற்றுக்கும் அவன் வைத்தியன். மணலூர்ப்பேட்டைக்கு ஒருவன் வேண்டியிருக்கிறது.

கடைசியாக, கடிதத்தின் அடியில் அந்த ஒரு வரி எழுதிய அம்மாளுக்கு. டீலர் எழுதிக் கொடுக்கும் காகிதமும், டிராக்டரின் கைப்புத்தகமும், ஹோஸ் மாற்றிய தேதியும், எண்ணெய் ஊற்றிய கணக்கும் ஒரு நோட்டில் உங்கள் கையெழுத்தில் இருக்கட்டும். அந்த நோட்டு உங்கள் பீரோவில் இருக்கட்டும். வண்டி ஓட்டுவது அவர் பாடு. வண்டிக்கு என்ன செய்தார்கள், யார் செய்தார்கள் என்று கேட்கும் உரிமை வளையல் கொடுத்தவருக்கு உண்டு. வால்வை முடுக்கலாமென்று யாராவது சொல்லக் கேட்டால், குக்கரையும் அம்மிக் குழவியையும் எடுத்துக் காட்டுங்கள்.